கோதண்டபாணியின் மூடாத வாய்

கோதண்டபாணி பிறந்ததும் அழுவதற்காக வாயைத் திறந்தான், அப்புறம் மூட மறந்துவிட்டான் என்பது தாமல் ஊரார் சொல்லும் கதை. அவன் அம்மா மணியம்மாள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "எம்புள்ள பால் குடிக்கும்போது மூடிக்கினுதான் இருந்தான்" என்பாள். அதுவும் சுத்தப் பொய். நாலு வாய் குடித்துவிட்டு, விட்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி குடிப்பான் என்று பிரசவம் பார்த்த எல்லம்மாளே சொல்லியிருக்கிறாள்.

மூக்கு இல்லாமல் இல்லை. பார்வைக்கு லட்சணமான மூக்குதான். அதன் வழியாகக் காற்று போகாது, அவ்வளவே. பள்ளிக்கூடத்து வாத்தியார் "வாயை மூடுடா" என்று அதட்டும்போதெல்லாம் மரியாதையாக மூடுவான். கொஞ்ச நேரத்தில் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும். வாத்தியாரே பயந்துபோய் "சரி, திறந்து தொலை" என்று விட்டுவிடுவார். மேல்தாடை குறுகலாக இருந்ததால் பற்களுக்கு இடம் பற்றாமல், திருவிழா நாள் பஸ்ஸில் ஜனங்கள் நிற்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

பஸ் என்றதும் நினைவு வருகிறது. அவன் பார்த்த உத்தியோகமும் அதுதான். காஞ்சிபுரத்திலிருந்து தாமல் வழியாக ஆற்காடு போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயில் கவ்விய விசில் அடிக்கடி நழுவிக் கீழே விழும். அதைத் தேட எல்லோரும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். "கண்டக்டர் வாயில ஈ பூந்துடப் போவுது, ஜன்னல் சாத்துங்கப்பா" என்று எவனாவது ஒருவன் தினமும் சொல்வான். தினமும் புதிதாகக் கேட்பதுபோல பஸ் முழுக்கச் சிரிக்கும்.

கல்யாணம் நடந்ததே அந்த வாயால்தான். திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது காந்தா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். இவன் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். தன் மகளின் அழகைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை இப்படி மலைத்துப் போய்விட்டார் என்று காந்தாவின் அப்பா நினைத்துக்கொண்டு, அங்கேயே வெற்றிலை மாற்றிவிட்டார். உண்மை தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவன் விட்ட குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிலைச் சுவர் மாற்றிப் போட்டார்கள். காந்தா பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"அங்க கொசு புடுங்குமேடி" என்றாள் மணியம்மாள்.

"கொசு கடிச்சா சொறிஞ்சிக்கலாம் அத்தே. உங்க புள்ள ராவெல்லாம் லாரி ஓட்டுறாரு, அத்த இன்னா பண்றது?" என்றாள் காந்தா.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத சங்கதி எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் வந்தது.

தாமல் பொன்னியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு வாய்க்கட்டுப் பூசை உண்டு. காப்புக் கட்டியவன் மஞ்சள் துணியை மடித்து வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏரியில் கரகம் எடுத்து, தலையில் வைத்து நடந்து வந்து, கருவறைக்குள் போய்ப் பூசையை முடிக்க வேண்டும். அது வரைக்கும் கட்டு அவிழக்கூடாது. மனுஷன் வாயின் மூச்சு அம்மன் மேல் படக்கூடாதாம். கட்டு இருக்கும் வரை அவன் பேசவும் கூடாது, அவனை யாரும் கேள்வி கேட்கவும் கூடாது. அப்போது அவன் செய்வதெல்லாம் அம்மன் செய்வது. கடைசியில் அம்மன் காலடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அம்மன் காட்டும் ஆளிடம் கொடுப்பான். அதுதான் முதல் மரியாதை. அதன்பிறகே கட்டைத் தன் கையாலேயே அவிழ்ப்பான். ஊருக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அம்மன் தர்மகர்த்தா வீட்டு ஆளைத்தான் காட்டி வந்திருக்கிறாள். அவளுக்கு வேறு விலாசம் தெரியாதுபோல.

இந்தப் பூசை உரிமை கோதண்டபாணி குடும்பத்து மூத்த ஆணுக்கு. அப்பா இருந்தவரை தொல்லை இல்லை. அவர் செத்த பிறகு வந்த ஆடியில் துணி இவன் வாய்க்கு வந்தது. ஏரிக்கரையில் கட்டினார்கள். கரகத்தைத் தூக்கினான். பம்பை அடிக்க, நடந்தான். தெருமுனை திரும்புவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூக்கால் இழுத்துப் பார்த்தான், ஊசி முனையளவு காற்று வந்தது. கோயில் வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு கையால் கரகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியைப் பிடுங்கிக் கீழே இறக்கி, 'ஆ' என்று காற்றை விழுங்கினான்.

பம்பை நின்றது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். சித்தப்பா மகன் பரசுராமன் ஓடிவந்து கரகத்தை வாங்கிக்கொண்டான். அவன் வாயைக் கட்டிப் பூசையை முடித்தார்கள்.

மறுநாள் பஞ்சாயத்தில் தர்மகர்த்தா வேலாயுதம் சொன்னார்: "அடுத்த ஆடிக்கு இவன் வாய மூடிக்கினு வந்தா வரட்டும். இல்லேன்னா அப்பால முறை பரசுராமனுக்குத்தான். அம்மன் காரியத்துல முகதாட்சண்யம் கெடையாது."

மணியம்மாள் அன்று சோறு தின்னவில்லை. புருஷன் செத்தபோதுகூட அவள் இப்படி உட்காரவில்லை. "உங்கப்பன், உங்கப்பனுக்கு அப்பன், எல்லாரும் செஞ்சத நீ வுட்டுட்டியேடா" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். கோதண்டபாணிக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் சிரித்ததை எல்லாம் பொறுத்தவன் இதைப் பொறுக்க முடியாமல் அழுதான். அழுதால் மூக்கு இன்னும் அடைத்துக்கொள்ளும் என்பது தனி வேதனை.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. ஒருத்தர் மூக்கில் நசியப் பொடி போட்டார். தும்மித் தும்மி டிக்கெட்டெல்லாம் பறந்தது. இன்னொருத்தர் மஞ்சளைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்து, "சதை ஒண்ணும் வளரலை, வழியே குறுகல்" என்று அனுப்பிவிட்டார்கள். குறுகல் என்பது அவனுக்கும் தெரியும், அதற்கு டார்ச் எதற்கு?

அப்படியிருக்கையில் ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண்மணி டிக்கெட் வாங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போவணும்?"

"எங்கயும் போவலாம், கொஞ்சம் குனி. வாயைத் திறன்னு சொல்லத் தேவையில்ல, திறந்துதான் இருக்குது" என்று சொல்லி, அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. "மேலண்ணம் கூரை மாதிரி உசந்து போயிருக்குது. நாளைக்குப் பெரிய காஞ்சிபுரத்துல என் கிளினிக்குக்கு வா."

டாக்டர் லில்லி பல் டாக்டர். மெட்ராசில் மேல்படிப்புப் படித்துவிட்டு ஊர் திரும்பியவள். வார்த்தையில் தேனும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

"மூக்குக்கு பல்லு டாக்டரு எதுக்கும்மா?" என்றான் கோதண்டபாணி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"உன் வாயோட கூரைதான் உன் மூக்கோட தரை. கூரை குறுகிப் போனா மேல் வீட்டுக்காரன் எங்க காலை நீட்டுவான்? அண்ணத்து எலும்பு ரெண்டு பாதி. பட்டுப்புடவையில கரையும் உடலும் சேர்ற கோர்வை மாதிரி நடுவுல சேர்ந்திருக்குது. ஸ்க்ரூ வெச்ச கருவி ஒண்ணு மாட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமா திருகினா அந்தக் கோர்வை விட்டு அகலும். அகலும்போது மூக்குக்குள்ளயும் கொஞ்சம் இடம் கிடைக்கும்."

"இப்பவே மாட்டிடுங்க."

"அவசரப்படாத. இது சின்னப் புள்ளைங்களுக்குச் செய்யறது. மீசை முளைச்சவனுக்கு அந்த இடம் இறுகிப் போயிருக்கும். எங்க புரொபசர் பெரியவங்களைத் தொடவே கூடாதுன்னாரு. எலும்பு அசையாம பல்லு மட்டும் சாஞ்சு போவலாம். அகண்டாலும் மூக்குல எவ்வளவு காத்து வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உனக்கு வயசு இருபத்திரண்டு. பார்க்கலாம், அவ்வளவுதான்."

அவன் தன் கதையைச் சொன்னான். துணி, கரகம், அம்மா சாப்பிடாதது, எல்லாம். தாமல் பொன்னியம்மன் என்றதும் லில்லி கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா மேரி உங்க ஊரு ஏரிக்கரைச் சேரியில பொறந்தவ. அந்தக் கோயில் தெருவுல கால் வெச்சு நடந்தாருன்னு எங்க தாத்தாவைக் கட்டி வெச்சு அடிச்சாங்க. அதோட ஊரை விட்டு வந்துட்டாங்க" என்றாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நல்லா திற. வளையம் போடணும்."

கோதண்டபாணி இருந்ததைவிட இன்னும் அகலமாகத் திறந்தான். அதில் பஞ்சை அடைத்தாள்.

கருவி மாட்டியாயிற்று. கடைவாய்ப் பற்களில் இரும்பு வளையங்கள், அண்ணத்தின் நடுவே ஒரு ஸ்க்ரூ, அதைத் திருக கம்பிச் சாவி ஒன்று. சாவியைக் காந்தா கையில் கொடுத்து, காலையில் ஒரு திருகு, மாலையில் ஒரு திருகு, அதற்குமேல் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். புருஷன் வாய்க்குச் சாவி கையில் கிடைக்கிற பாக்கியம் எத்தனை பெண்டாட்டிக்கு வாய்க்கும்? காந்தா அதைத் தாலிக்கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டாள்.

கெட்டது அங்கேதான். எலும்பை அகட்டுவது சுபகாரியமா இல்லையா? சுபகாரியம் என்றால் ராகுகாலத்தில் செய்யலாமா? அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய்க்கிழமை, இவற்றில் காந்தா சாவியைத் தொடவே இல்லை. விட்டுப்போன திருகையெல்லாம் மனதில் சேர்த்து வைத்து, ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, மொத்தமாகத் திருகினாள். கோதண்டபாணிக்கு மூக்குத் தண்டிலிருந்து உச்சி வரை பிளந்ததுபோல இருந்தது. கண்ணில் நீர் கொட்ட, பஸ்ஸுக்குப் போகாமல் கிளினிக்குக்கு ஓடினான். பின்னாலேயே அவளும் ஓடினாள்.

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? எலும்புக்குப் பஞ்சாங்கம் தெரியாதும்மா" என்று லில்லி கத்தினாள்.

"தெரியாதுன்னு நீங்க எப்பிடிச் சொல்றீங்க?" என்றாள் காந்தா.

 கொஞ்ச நாள் திருகவே கூடாது என்று லில்லி சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வலி அடங்கியபின் மறுபடி கொடுத்தாள். அதற்கப்புறம் காந்தா ஒழுங்காகத் திருகினாள், பஞ்சாங்கத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு.

கொஞ்ச நாளில் கோதண்டபாணியின் முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. நாளுக்கு நாள் அகண்டது. "கண்டக்டர் பல்லுல கேட் வெச்சிக்கினு இருக்காரு, ஏறு, எறங்கு" என்று பஸ்ஸில் புதுப் பாட்டு கிளம்பியது. பொன்னியம்மன் கோபத்தில் பல்லைப் பிளந்துவிட்டாள் என்று பரசுராமன் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தான். லில்லியோ அந்த இடைவெளியைப் பார்த்ததும் நாற்காலியைத் தட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததேயில்லை. "கோர்வை விட்டுடுச்சுப்பா. இந்தச் சந்து தானா மூடிக்கும், கவலைப்படாத." அந்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில்தான் விட்டது என்று காந்தா இன்றுவரை சாதிக்கிறாள்.

மூக்கு திறந்ததா என்றால், திறந்தது. கதவு மாதிரி இல்லை, ஜன்னல் மாதிரி. ஒருநாள் மஞ்சள் குங்குமக் கடைக்குப் பக்கத்தில் பஸ் நின்றபோது ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது. என்னவென்று தெரியாமல் திகைத்துப்போய், பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டான். "தாழம்பூப்பா, வாசனை வரலையா?" என்றார் அவர். வருகிறது என்று சொல்ல வாயெடுத்தவன் விசிலை எடுத்து ஊதினான். குறட்டையும் நிற்கவில்லை, சுருதி இறங்கியது. காந்தா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஆடி நெருங்கியபோது பரசுராமன் புதிதாக ஒன்றைக் கிளப்பினான். "காப்பு கட்டினவன் ஒடம்புல இரும்பு இருக்கக்கூடாது. அண்ணன் வாயி பூரா இரும்புதான்." வேலாயுதமும் தலையாட்டினார். முறை என்னவோ உண்மைதான். காப்புக் கட்டினால் இடுப்புச் சாவிக்கொத்தையே கழற்றி வைப்பார்கள்.

"இப்பக் கழட்டினா அண்ணம் பழையபடி சுருங்கிடும். எலும்பு ஊறி நிறையற வரைக்கும் புடிச்சு வெக்கணும்" என்று லில்லி மறுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே இரும்பு வளையங்களையும் ஸ்க்ரூவையும் வெட்டி எடுத்தாள். அச்செடுத்து, பொய்ப்பல் செட்டுக்கு ஊற்றும் ரோஸ் நிறப் பொருளில் ஒரு தட்டு செய்து அண்ணத்தில் பொருத்தினாள். ஒரு கம்பி கிடையாது.  "சாப்புடற நேரம் தவிர இதைக் கழட்டின, நானே உன் பல்லையெல்லாம் புடுங்கிடுவேன்" என்றாள்.

திருவிழா அன்று தாமலில் மூன்று ஊர் ஜனம். ஏரிக்கரையில் துணியைக் கட்டியது பரசுராமன்தான். வேண்டுமென்றே இறுக்கிக் கட்டினான். கோதண்டபாணி கரகத்தைத் தூக்கினான், மூக்கால் இழுத்தான். வந்தது. போதுமான அளவு இல்லை, ஆனால் வந்தது. வேகமாக நடந்தால் பற்றாது என்பது முதல் தெருவிலேயே புரிந்துவிட்டது. அதனால் நத்தையாக நடந்தான். பம்பைக்காரர்கள் கை ஓய்ந்து ஆளை மாற்றினார்கள். கூழ்ப் பானைக்குக் காத்திருந்த ஜனம் பசியில் முணுமுணுத்தது. "கரகத்துல அம்மன் எறங்கிட்டா, அதான் கனம்" என்று யாரோ ஒரு கிழவி சொல்ல, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவனுக்குக் கனமெல்லாம் இல்லை, காற்றுக் கணக்குதான். போன வருஷம் துணியைப் பிடுங்கிய இடம் வந்தது. மணியம்மாள் அங்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போனான். பம்பைச் சத்தம் நிற்காமல் தாண்டிப் போனதைக் கேட்டுத்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.

பூசை முடிந்தது. எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வேலாயுதம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையிரண்டையும் ஏந்தித் தயாராக நின்றார். "எல்லாம் அம்மன் கருண. மூடாத வாய மூட வெச்சுட்டா பாரு" என்று கூட்டத்துக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தோளுக்கு மேலே கோதண்டபாணி தெருமுனையைப் பார்த்தான். டாக்டர் லில்லி குடையோடு நின்றிருந்தாள். தன் கேஸ் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். நன்றாகத் தெரியவில்லைபோல, தெருவுக்குள் சில அடி வந்திருந்தாள். பரசுராமன் அவள் எதிரே போய்க் கும்பிட்டான். "டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்கே தெரியும். கொஞ்சம் அப்பால, தெருவுக்கு வெளிய நின்னுக்கோங்க" என்றான். லில்லி குடையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

கோதண்டபாணி வீரனெல்லாம் இல்லை. காலையில் குளிக்கும்போதுகூட வேலாயுதத்திடம்தான் பழத்தைக் கொடுப்பதாக இருந்தான்.  இப்போது வேலாயுதம் ஏந்திய கைகளைச் சுற்றிப்போய்ப் படியிறங்கினான். கூட்டம் தானாக வழிவிட்டது. நத்தை நடைதான். தெருமுனை வரை போய், லில்லியின் கையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பழத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

பம்பை நின்றுவிட்டது.

லில்லிக்குப் பழத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும், அம்மாவிடம் கேட்டிருப்பாள்.  ஆனால் அவள் கேட்டது வேறு. "மூச்சு வருதாப்பா?" கட்டு கட்டியவனைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. அவன் தலையாட்டினான்.

வேலாயுதம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஆனால் வந்து என்ன செய்வார்? கட்டு இருக்கிறவன் செய்தது அம்மன் செய்தது என்று வருஷா வருஷம் மேடையேறிச் சொன்னவரே அவர்தான். "மொதல்ல கட்ட அவுழுடா. அவுத்துட்டுப் பேசு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வுடுங்க மாமா" என்றான் பரசுராமன். "இவன் மூக்கு லட்சணம் நமக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நேரம். தானா புடுங்கிப் போடுவான். அப்ப வெச்சுக்கலாம்."

அது சரியென்று எல்லோருக்கும் பட்டது. தெருவே சுற்றி நின்று அவன் வாயைப் பார்த்தது. கூழ் ஆறியது. வெயில் கோயில் மதிலிலிருந்து இறங்கியது. கோதண்டபாணி தெரு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக இழுத்தான், மெதுவாக விட்டான், மறுபடி இழுத்தான். அவன் அவிழ்ப்பான் அவிழ்ப்பான் என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.